படி எழுதாத விடை

கணக்குத் தாளில் விடையை மட்டும் எழுதிவைக்கும் பிள்ளைக்கு நான் முழு மதிப்பெண் போட்டதில்லை. விடை சரியாகவே இருந்தாலும் ‘படி எங்கே மக்களே?’ என்று கேட்டுத் தாளைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். இப்போது ஓய்வு பெற்றாயிற்று. திருத்தத் தாள் கிடையாது. பதிலாக, எங்கள் பக்கத்தில் யாருக்காவது புற்றுநோய் என்றால் அந்த வீட்டு ஃபைல் என் திண்ணைக்கு வருகிறது. ‘சாரே, இந்த நம்பரைக் கொஞ்சம் பாருங்க’ என்கிறார்கள். நான் மருத்துவன் இல்லை என்று சொன்னால் யாரும் கேட்பதில்லை. நம்பர் என்றால் கணக்கு சார். அவ்வளவுதான் அவர்கள் நியாயம்.

இருப்பது பாறசாலைக்குத் தெற்கே, இஞ்சிவிளைப் பக்கம். நாலு எட்டு வைத்தால் களியக்காவிளை, தமிழ்நாடு. 1956 நவம்பர் 1-ல் மாநிலங்கள் பிரிந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் அங்கே போயின. நெய்யாற்றின்கரை இங்கே கேரளத்தில் நின்றது. அக்கா அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம் என்று ஆன குடும்பங்கள்தான் இங்கே முக்கால்வாசி. நோய் வந்தால் இரண்டு பக்கமும் ஓட்டம். 1981-ல் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ் வளாகத்தில் வட்டாரப் புற்றுநோய் மையம் தொடங்கிய நாள் முதல் மார்த்தாண்டம், குலசேகரம்காரர்கள் எல்லாம் ‘ஆர்சிசி’க்கு வடக்கே வருகிறார்கள். இங்குள்ளவர்களில் சிலர் அந்தப் பக்கம் நாகர்கோவில், மதுரை, வேலூர் என்று போகிறார்கள். காரணம் காப்பீட்டு அட்டையாக இருக்கும், தங்கச் சித்தி வீடு இருப்பதாக இருக்கும், சிகிச்சையைத் தமிழில் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம் என்பதாகவும் இருக்கும். அதனால் ஒரே ஃபைலில் முதல் ஸ்கேன் ஒரு மாநிலத்துடையதும் அடுத்த ஸ்கேன் இன்னொரு மாநிலத்துடையதுமாக இருப்பது இங்கே சர்வசாதாரணம். இரண்டிலும் ஒரு எண்ணைப் பேனாவால் வட்டம் போட்டிருப்பார்கள். முன்னது பெரிதா பின்னது பெரிதா என்பதுதான் கேள்வி.

அந்த எண்ணுக்குப் பெயர் எஸ்யுவி. கார் விளம்பரம் பார்த்துப் பழகியவர்களுக்குச் சிரிப்பு வரும். பெட் ஸ்கேனுக்காக உடம்பில் செலுத்திய கதிரியக்கச் சர்க்கரையைக் கட்டி எவ்வளவு இழுத்துக்கொண்டது என்பதற்கான அளவு அது. அதை ஜுரமானியில் பார்க்கும் 101, 102 மாதிரி உடம்பிலிருந்து நேராகப் படித்தெடுத்த அளவு என்றுதான் எல்லோரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். உண்மையில் அது ஒரு வகுத்தல் கணக்கின் விடை.

கணக்கு இதுதான். எஃப்டிஜி என்ற அந்தச் சர்க்கரை மருந்தை 370 மெகாபெக்கரல் அளவு ஊசியில் ஏற்றுகிறார்கள் என்று வையுங்கள்; பழைய கணக்கில் 10 மில்லிகியூரி. நோயாளியின் எடை 50 கிலோ. மருந்து உடம்பெங்கும் ஒரே சீராகப் பரவியிருந்தால் ஒரு கிராமுக்கு 7.4 கிலோபெக்கரல் வரும். மிஷின் கட்டியில் பார்த்தது 37. 37-ஐ 7.4-ஆல் வகுத்தால் 5. எஸ்யுவி 5. இப்போது எடையை 50-க்குப் பதில் 60 என்று எழுதிவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். கட்டி அதே கட்டி, மருந்து அதே மருந்து, மிஷின் பார்த்ததும் அதே 37. விடை மட்டும் 6 ஆகிவிடும்.

இது நான் கற்பனை செய்த உதாரணம் இல்லை. என் மனைவியின் அண்ணனுக்கு நுரையீரலில் கட்டி. முதல் ஸ்கேனில் 5. கீமோ போட்டு முடித்து எல்லைக்கு அப்புறம் வேறொரு இடத்தில் எடுத்ததில் 6. வீட்டில் இழவு விழுந்த மாதிரி ஆகிவிட்டது. ‘மருந்து பிடிக்கல்ல மாமா, கூடிப்போச்சு’ என்று அவர் மகன் என்னிடம் வந்து அழுதான். சிகிச்சை பார்த்த டாக்டர் நிதானமானவர். ரிப்போர்ட்டின் அடியில் கல்லீரலுக்கும் ஒரு எண் இருந்தது. முதலில் 2, இப்போது 2.4. ‘கட்டி ஐந்தில் ஒரு பங்கு ஏறியிருக்கு. சரி. நல்லா இருக்கிற கல்லீரலும் அதே ஐந்தில் ஒரு பங்கு ஏறுவானேன்?’ என்று கேட்டார். பிறகு அவரே மச்சானை எடை பார்க்கும் மிஷினில் நிற்கச் சொன்னார். 50 கிலோ. கீமோவில் உருகிப்போயிருந்தார். ஸ்கேன் எடுத்த இடத்தில் பழைய சீட்டிலிருந்த 60-ஐ அப்படியே பதிந்திருந்தார்கள். கட்டி குறையவில்லை என்ற வருத்தம் மிச்சம் இருந்தது, ஆனால் வளரவில்லை. அடுத்த மருந்தைத் தீர்மானிக்க அந்த வேறுபாடு முக்கியம்.

பிழை நுழைய எடை ஒரு வாசல்தான். எஃப்டிஜியில் இருக்கும் ஃப்ளோரின்-18-ன் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம். ஊசி போட்டதற்கும் படம் எடுத்ததற்கும் நடுவே கரைந்துபோன பங்கைக் கணக்கில் கூட்டிக்கொள்ள வேண்டும். ஊசி போட்ட அறையின் கடிகாரமும் மிஷினின் கடிகாரமும் 10 நிமிடம் முரண்பட்டால் விடையில் சுமார் 6 சதவீதம் பிசகும். சுவர்க் கடிகாரத்துக்கு ஒரு பேட்டரி மாற்றாததால் வரும் பிசகு இது.

எனக்குப் பெரிய விஷயமாகப் படுவது இந்தக் கைப்பிழைகள் இல்லை. கணக்கு முழுவதும் சரியாகப் போட்டாலும் அதற்குள்ளே ஒளிந்திருக்கும் அனுமானங்கள்.

எஃப்டிஜி என்பது சர்க்கரை வேடம் கட்டிய மூலக்கூறு. உயிரணு அதைச் சர்க்கரை என்று நம்பி உள்ளே விடும். ஹெக்சோகைனேஸ் என்ற நொதி அதன்மேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டும். அதற்குமேல் அது சர்க்கரை மாதிரி எரியவும் முடியாது, எளிதில் வெளியேறவும் முடியாது. புற்றணுக்கள் சர்க்கரையை வெறிபிடித்துத் தின்னும் என்பதை ஜெர்மனியின் ஓட்டோ வார்பர்க் 1920-களிலேயே கண்டிருந்தார். உள்ளே போவதும் திரும்புவதும் பூட்டப்படுவதும் எந்தெந்த வேகத்தில் என்று எழுதிக்காட்டியது 1977-ல் அமெரிக்காவில் லூயிஸ் சொகொலோஃப்பின் குழு. எலி மூளையில், எஃப்டிஜிக்கு அண்ணன் முறையான இன்னொரு போலிச் சர்க்கரையை வைத்து. இரண்டு ஆண்டு கழித்து மைக்கேல் ஃபெல்ப்ஸ், சுங்-செங் ஹுவாங் முதலானோர் அதை மனித மூளைக்கும் எஃப்டிஜிக்கும் கொண்டுவந்தார்கள்.

அந்தக் கணித மாதிரியை விளங்கிக்கொள்ள எங்கள் நெய்யாறு இடதுகரைக் கால்வாயே போதும். (2004-லிருந்து அதில் விளவங்கோட்டுப் பக்கம் தண்ணீர் போகவில்லை என்பது வேறு வழக்கு, கேரளத்தில் குடியிருந்துகொண்டு நான் அதைப் பேசினால் அடி விழும்.) அணையிலிருந்து கால்வாய்க்கு நீர் வரும் வேகம் ஒன்று. கால்வாயிலிருந்து ஆற்றுக்கே திரும்பி வடியும் வேகம் ஒன்று. கால்வாயிலிருந்து வயலுக்குள் ஏறி அங்கேயே நின்றுவிடும் வேகம் ஒன்று. வயலிலிருந்து மறுபடி கசிந்து கால்வாய்க்கு வருவது நாலாவது. இரத்தம், திசு, பூட்டப்பட்ட மருந்து என்று மூன்று இடங்களுக்கு நடுவே இந்த நான்கு வேகங்களையும் கண்டுபிடிப்பதுதான் முழுக் கணக்கு. மருத்துவர்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது முதல் மூன்றும் சேர்ந்து தரும் நிகர வேகத்தை. கட்டி எத்தனை வேகமாகச் சர்க்கரையைப் பூட்டுகிறது என்பதை. நாலாவதும் சும்மா இல்லை. கல்லீரல் அணுக்களில் பாஸ்பேட்டைக் கழற்றிவிடும் நொதி நிறைய உண்டு. அதனால் கல்லீரலிலேயே தோன்றும் புற்று சிலருக்கு இந்த ஸ்கேனில் ஒளிராமல் தப்பிவிடுகிறது. ‘பெட் ஸ்கேனிலேயே ஒண்ணும் இல்லேன்னு வந்துதே’ என்று கேட்பவர்களுக்கு இந்த ஒரு வாக்கியத்தையாவது யாராவது சொல்லியிருக்க வேண்டும்.

1983-ல் கிளிஃபோர்ட் பேட்லாக்கும் உடன் இருவரும் இந்தக் கணக்கை எனக்குப் பிடித்த இடத்துக்குக் கொண்டுவந்து நிறுத்தினார்கள். ஊசி போட்ட நிமிடத்திலிருந்து கட்டியையும் இரத்தத்தையும் தொடர்ந்து அளந்து, ஒரு குறிப்பிட்ட விதத்தில் வரைபடத் தாளில் குறித்தால், சிறிது நேரத்துக்குப் பிறகு புள்ளிகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் வந்து உட்காரும். ஒய் சமம் எம் எக்ஸ் கூட்டல் சி. கரும்பலகையில் எத்தனை ஆண்டு எழுதிப்போட்ட கோடு! அதன் சாய்வு, மருந்து பூட்டப்படும் நிகர வேகம். கோடு செங்குத்து அச்சை வெட்டும் இடம், எங்கும் பூட்டப்படாமல் இரத்தத்திலும் திசுவிலும் சும்மா சுற்றிக்கொண்டிருக்கும் பங்கு. ‘இதெல்லாம் எதுக்கு சாரே படிக்கணும்’ என்று கேட்ட ஒவ்வொரு பையனையும் கூப்பிட்டுக் காட்டவேண்டும் போலிருந்தது எனக்கு.

இப்போது எஸ்யுவிக்கு வாருங்கள். அது இந்தக் கோட்டில் ஒரே ஒரு புள்ளியை எடுக்கிறது. வழக்கமாக 60-வது நிமிடத்தில். ஒரு புள்ளியை வைத்துக்கொண்டு கோடு வரைய முடியாது என்று ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அதனால் இரண்டை ஊகித்துக்கொள்கிறார்கள். முதலாவது, கோடு ஆதிப்புள்ளி வழியாகப் போகிறது. அதாவது சும்மா சுற்றும் பங்கு ஒன்றுமில்லை. இரண்டாவது, இரத்தத்தில் மருந்து எவ்வளவு நேரம் எவ்வளவு இருந்தது என்று அளக்கவேண்டாம். போட்ட மருந்தை எடையால் வகுத்தால் அதுவே தெரிந்துவிடும், எல்லா உடம்பும் ஒரே மாதிரி. இந்த இரண்டில் எதையும் ரிப்போர்ட் சொல்வதில்லை. விடை இருக்கிறது, படி இல்லை.

எல்லா உடம்பும் ஒரே மாதிரியா? எங்கள் ஊரில் சர்க்கரை நோய் இல்லாத வீட்டைத் தேடிப்பிடிக்க வேண்டும். இரத்தத்தில் நிஜச் சர்க்கரை கூடியிருந்தால் அது போலிச் சர்க்கரையோடு வாசலில் முட்டிமோதும். கட்டிக்குப் போகும் மருந்து குறையும். இன்சுலின் போட்டுக்கொண்டு உடனே ஸ்கேனுக்குப் போனால் மருந்தை எல்லாம் தசை வாரிக்கொள்ளும். வெறும் வயிற்றில் வரச்சொல்கிறார்கள். ஆனால் கட்டஞ்சாயாவை எங்கள் ஆட்கள் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பதில்லை. இரண்டு கரண்டி சீனி போட்டது என்றாலும். பளுகல் பக்கம் ஒரு பால்வெட்டுக்காரர் விடியுமுன் எழுந்து வழக்கம்போல் ரப்பர் மரங்களில் பால் வெட்டி முடித்துவிட்டுத்தான் ஸ்கேனுக்கு பஸ் ஏறினார். படத்தில் அவர் தோளும் கையும் விளக்குப் போட்ட மாதிரி. ‘வெறும் வயித்துல வரச் சொன்னாவ, வந்தேன். வெட்டுக்குப் போவக்கூடாதுன்னு ஒருத்தரும் சொல்லல்லியே’ என்றார். நியாயம்தானே? முந்தின நாளிலிருந்தே கடும் உடலுழைப்பு கூடாது என்று வழிகாட்டுதல் சொல்கிறது. அதைச் சொல்லவேண்டிய சீட்டு ஆங்கிலத்தில் இருந்தது. ஊசிக்குப் பிறகு காத்திருக்கும் நேரத்தில் வெற்றிலை மென்றால் தாடைத் தசை ஒளிரும். வாய்ப்புற்று நோயாளிக்கு அது எத்தனை குழப்பம் என்று சொல்லத் தேவையில்லை.

எடையால் வகுப்பதில் இன்னொரு சிக்கல். பட்டினியாக இருக்கும்போது கொழுப்பு இந்த மருந்தை அதிகம் தொடுவதில்லை. அதனால் மொத்த எடைக்குப் பதில் கொழுப்பைக் கழித்த எடையால் வகுப்பது நல்லது என்பார்கள். அந்தக் கொழுப்பில்லா எடையையும் அளப்பதில்லை. உயரத்தையும் எடையையும் போட்டுச் சூத்திரத்தில் எடுக்கிறார்கள். இதைப் படித்தவுடன் ‘வெள்ளைக்காரன் உடம்புக்கு எழுதின சூத்திரம் நமக்கு எப்படிப் பொருந்தும்’ என்றுதான் எனக்கும் தோன்றியது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 2004-ல் லான்செட் இதழில் பூனாவின் சித்தரஞ்சன் யாஜ்னிக்கும் லண்டனின் ஜான் யுட்கினும் சேர்ந்து நிற்கும் ஒரு படம் வந்தது. இருவருக்கும் உடல்நிறைக் குறியீடு 22.3. யுட்கினின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக்குக்கு 21.2. ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் 2005-ல் தந்து இன்று பரிந்துரைக்கப்படும் சூத்திரத்தில் 22.3-ஐப் போட்டால் ஆண்களுக்குக் கொழுப்பு ஏறக்குறைய 19 சதவீதம் என்று வருகிறது. இருவருக்கும் அதே 19. நம்ம ஊர்க்காரருக்கு அது கிட்டத்தட்டப் பொருந்துகிறது. பிழை முழுக்க இங்கிலாந்துக்காரர் தலையில்! ஆகவே இந்தியன், வெள்ளைக்காரன் என்று கோஷம் போட இடமில்லை. ஆனால் என் தெருவிலேயே ஒரு யுட்கினும் ஒரு யாஜ்னிக்கும் இருக்கிறார்கள். மரத்துக்கு மரம் நடக்கும் பால்வெட்டுக்காரர் ஒருவர்; நாற்காலியில் உட்கார்ந்து தேய்ந்த என்னைப் போன்றவர் இன்னொருவர். உயரம், எடை இரண்டும் ஒன்றாகவே இருந்தாலும் சூத்திரத்துக்கு எங்களைப் பிரித்துத் தெரியாது.

டாக்டர்கள் இதற்கெல்லாம் ஒரு பதில் வைத்திருக்கிறார்கள்: நாங்கள் எண்ணைப் பார்ப்பதில்லை, படத்தைத்தான் பார்க்கிறோம். பாதி உண்மை. 1995-லேயே ஜான் கீஸ் என்ற அமெரிக்க மருத்துவர் எஸ்யுவியை உதவாக்கரை மதிப்பு என்று தம் கட்டுரைத் தலைப்பிலேயே கேலி செய்துவிட்டார். நிணநீர்ப் புற்றுக்கு டோவில் என்ற பிரெஞ்சு ஊரில் 2009-ல் கூடிப் பேசி ஐந்து படி அளவுகோல் ஒன்று வகுத்தார்கள். அது கட்டியை அதே ஆளின் கல்லீரலோடும் நெஞ்சு இரத்தத்தோடும் ஒப்பிடுகிறது. அழகான யோசனை. எடை தவறினால் இரண்டு பக்கமும் சேர்ந்தே தவறும், விகிதம் பிழைக்கும். மச்சானுக்கு அந்த டாக்டர் கையாண்டது இதே உபாயம்தான். ஆனால் நிணநீர்ப் புற்று அல்லாதவற்றில் மருந்து வேலை செய்கிறதா என்று பார்க்க 2009-ல் வந்த இன்னொரு விதி, கொழுப்பைக் கழித்த எஸ்யுவி 30 சதவீதம் குறைந்ததா என்று எண்ணைத்தான் கேட்கிறது. எண்ணைப் பார்க்காவிட்டால் அச்சிடுவானேன்? இன்னொன்று: காசநோய்க் கட்டியும் இந்த மருந்தை இழுக்கும். நம் நாட்டில் ஒரு பெரிய எஸ்யுவி புற்றுதான் என்று படிப்பது பெரிய தவறு என்று மருத்துவர்களே சொல்வார்கள். ஆனால் வீட்டில் உட்கார்ந்து மொபைலில் தேடிப் படிப்பவருக்கு அதைச் சொல்ல யாரும் இல்லை.

எல்லோருக்கும் ஒரு மணி நேரம் தொடர்ந்து படம் எடுத்துக் கோடு வரையுங்கள் என்று நான் கேட்கவில்லை. ஒருவரை அத்தனை நேரம் படுக்கவைத்தால் வரிசையில் நிற்கும் மற்றவர்களை எங்கே அனுப்புவது? கலிபோர்னியாவின் டேவிஸ் விஞ்ஞானிகள் உருவாக்கிய, தலை முதல் கால்வரை ஒரே நேரத்தில் பார்க்கும் இரண்டு மீட்டர் நீள மிஷின் 2018-ல் மனிதர்மேல் முதல் படம் எடுத்தது. அது நமக்கு இப்போதைக்குப் பேச்சுக்குத்தான். ஆனால் இந்தக் கோட்டைச் சிலருக்காவது வரைந்து பார்க்கவேண்டும்: சர்க்கரை நோயும் மெலிவும் சேர்ந்த நம் நோயாளிகளில், அவர்கள் சம்மதத்தோடு. எடையால் வகுத்தால் போதும் என்ற அனுமானம் இவர்களிடம் எத்தனை தூரம் நிற்கிறது என்று தெரியும். இப்படி ஆய்வுக்கு உடன்படுவது இந்த மாவட்டத்துக்குப் புதிதில்லை. 1996-ல் தொடங்கி, திருவனந்தபுரம் மாவட்டத்துப் பஞ்சாயத்துகளில் சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போய் டார்ச் அடித்து வாயைத் திறந்து பார்த்தார்கள். ரங்கசுவாமி சங்கரநாராயணன் முதலானோர் 2005-ல் லான்செட்டில் எழுதிய அந்த முடிவு, புகையிலையோ மதுவோ பழக்கமுள்ளவர்களிடம் வாய்ப்புற்று மரணம் மூன்றில் ஒரு பங்கு குறைந்ததைக் காட்டியது. உலகம் அந்த எண்ணை இன்றும் மேற்கோள் காட்டுகிறது. வாயைத் திறந்துகாட்டிய ஊர் கையை நீட்டவும் தயாராகத்தான் இருக்கும்.

அதுவரை செலவில்லாத காரியங்கள் இருக்கின்றன. அன்று காலை நிறுத்த எடை, உயரம், இரத்தச் சர்க்கரை, ஊசியில் ஏற்றிய அளவும் மிஞ்சிய அளவும், ஊசி போட்ட நேரம், படம் தொடங்கிய நேரம், மிஷினின் பெயர், எந்த எடையால் வகுத்தார்கள் என்பது: இவ்வளவையும் ரிப்போர்ட்டில் அச்சிடவேண்டும். சில இடங்களில் இவற்றில் பாதியை அச்சிடுகிறார்கள், பாராட்டுக்குரியது, மீதியையும் அச்சிடட்டும். மலையாளத்திலும் தமிழிலும் ஒரு வரி வேண்டும்: வேறிடத்தில் எடுத்த எண்ணோடு இதை நேராக ஒப்பிடாதீர்கள் என்று. இரண்டு மாநிலத்து மையங்களும் ஒரு சோதனையைச் சேர்ந்து செய்யலாம். ஒரு உருளையில் தண்ணீரும் அளந்த எஃப்டிஜியும் கலந்து ஸ்கேனில் வைத்தால் எஸ்யுவி 1 வரவேண்டும்; மருந்து சீராகப் பரவியிருக்கிறது அல்லவா. திருவனந்தபுரத்தில் 1-ம் நாகர்கோவிலில் 1.2-ம் வந்தால் நோயாளிகள் ஏன் அழுதார்கள் என்று தெரிந்துவிடும். ஐரோப்பாவில் ஏர்ல் என்ற அமைப்பு இந்த மாதிரிச் சோதனை வைத்துத்தான் மையங்களுக்குச் சான்று கொடுக்கிறது.

யார் இதைச் செய்யவைப்பது? இந்தப் பக்கம் கேரள அரசின் காருண்யா திட்டம், அந்தப் பக்கம் முதலமைச்சர் காப்பீடு. பெட் ஸ்கேனுக்கு அரசுப் பணம் போகும் இடத்திலெல்லாம், மேலே சொன்ன விவரங்கள் இல்லாத ரிப்போர்ட்டுக்குப் பில் பாஸாகாது என்று ஒரு வரி சேர்த்தால் போதும். அடுத்த மாதமே அச்சாகி வரும். அரசுச் சம்பளம் வாங்கியவன் சொல்கிறேன்.